மகள் பெயரில் நான் செய்த வேண்டுதல்

என் மகளுக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். மருமகனுக்குச் சிங்கப்பூரில் வேலை. மாதம் ஒருமுறை வருவார். இரண்டு பிள்ளைகளோடு அவள் என் வீட்டில்தான் இருந்தாள்.

இரண்டாவது பிரசவத்தில் இரத்த அழுத்தம் ஏறி, வலிப்பு வந்து, மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்தவள் அவள். எதிர்பாராமல் மூன்றாவது கரு தங்கியபோது, உயிருக்கு ஆபத்து, கலைத்துவிடுவதே நல்லது என்றார் டாக்டர். சீக்கிரம் செய்தால் எளிது, நாள் கடந்தால் சிரமம் என்று ஒரு தேதியும் கொடுத்தார். "நீ உயிரோட இருந்தா போதும்," என்று மருமகன் போனில் சொன்னாராம்.

வெங்காயம் உரித்துக்கொண்டே இதையெல்லாம் என்னிடம் சொன்னாள். மறுநாள் காலை தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனேன்.

தைப்பூசத்தில் கரும்புத் தொட்டில் எடுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். பிள்ளை வரம் பெற்றவர்கள், கரும்பில் மஞ்சள் துணியைத் தூளியாகக் கட்டி, குழந்தையை அதில் கிடத்தி, ஆளுக்கொரு முனையைத் தோளில் தாங்கி மலையேறுவார்கள். நான் மகளின் பெயரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை செய்தேன். இந்தப் பிள்ளை நல்லபடி பிறந்தால் அவள் தொட்டில் எடுப்பாள் என்று வேண்டிக்கொண்டேன். முப்பது வருடம் வரலாறு கற்பித்தவன் நான். அடுத்தவர் உடம்பை வைத்து வேண்டுவது தவறென்று தெரியாமல் செய்யவில்லை.

வீட்டுக்கு வந்து திருநீற்றை நீட்டி விஷயத்தைச் சொன்னேன்.

"யாரக் கேட்டுப்பா வேண்டுனீங்க?"

"சாமிகிட்ட வேண்ட யாரக் கேக்கணும்?"

"என் வயித்துக்கு வேண்டுனா என்னைக் கேக்கணும்லா!"

"வேண்டியாச்சு. மீறுனா தெய்வக் குத்தம். உன் ரெண்டு பிள்ளைங்க தலையிலதான் விடியும்."

இந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவள் விரதம் தவறாதவள். டாக்டர் சொன்ன தேதிக்குப் போகவில்லை. அடுத்து வாங்கிய தேதிக்கும் போகவில்லை. இடையில் சின்னவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஈரத்துணியைப் பிழிந்தபடி என்னை நிமிர்ந்து பார்த்து, "ஆரம்பிச்சிருச்சாப்பா?" என்றாள். மழையில் நனைந்த காய்ச்சல் அது. அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் இருந்தேன்.

மூன்றாவது வாரம் அவள் தலைசுற்றி விழப் பார்த்தாள். தெளிந்து உட்கார்ந்ததும், "காடிய எடுங்கப்பா, கோயிலுக்குப் போவோம்," என்றாள். மலையில், என் எதிரிலேயே, குருக்களிடம் எல்லாவற்றையும் சொன்னாள். குருக்கள் என்னைப் பார்த்தார்.

"வேண்டுனது சாரு. முருகன்கிட்ட பதில் சொல்ல வேண்டியதும் சாருதான். உன்னை அது கட்டாதும்மா."

"கலைக்கிறது பாவமில்லையா சாமி?"

"என்னைக் கேட்டா பாவம்னுதான் சொல்லுவேன். ஆனா நீ போயிட்டா அந்த ரெண்டுக்கும் யாரு? போய் டாக்டரப் பாரு."

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனாள். நாள் கடந்துவிட்டதால் இரத்தப்போக்கு அதிகமாகி, நான்கு நாள் வார்டில் கிடந்தாள். நான் போய்ப் பார்க்கவில்லை. வீடு திரும்பி அவள் சாமி அறையில் விளக்கேற்ற வந்தபோது, தீட்டு என்று தடுத்தேன். தீப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போனாள்.

வருடங்கள் ஆகிவிட்டன. எனக்கும் வயது எண்பது ஆகிறது. போன மாதம், அவள் துணி தேய்த்துக்கொண்டிருந்தபோது, விளக்கேற்ற விடாததற்காக மன்னிப்புக் கேட்டேன்.

"அதை விடுங்கப்பா, அதெல்லாம் மறந்தாச்சு," என்றாள். தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அந்த மூணு வாரம் என் பிள்ளைங்களைத் தொடவே பயந்தேன். என் கை பட்டா எதாச்சும் ஆயிருமோன்னு. சின்னது தூக்கு தூக்குன்னு அழுவும். தூக்க மாட்டேன்."

இது எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில்தான் இருந்தேன்.

பேரப்பிள்ளைகள் இருவரும் இப்போது இடைநிலைப்பள்ளியில் படிக்கிறார்கள். அம்மா அப்போது ஏன் தங்களைத் தூக்கவில்லை என்று அவர்கள் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டியவன் நான்.