ஹெலன் தோட்டத்துச் செய்வினை

ஈர மண்ணின் மணம்... மண்வெட்டி எதிலோ ‘ணங்’ என்று பட்ட சத்தம். அந்தக் காலையை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமும் சிரிப்பும் சேர்ந்தே வரும்.

மெல்பேர்னில் வேலை செய்ய அனுமதி கிடைத்ததும் எனக்கு அகப்பட்ட முதல் வேலை, சன்பரிக்கு அந்தப் பக்கம் வைன் செய்கிற ஒரு திராட்சைத் தோட்டத்தில். ஹெலனும் அவருடைய தம்பியும் நடத்துகிற குடும்பத் தோட்டம். மருந்தடிப்பதில்லை, கடை உரம் போடுவதில்லை. என்னைச் சேர்த்துவிட்டவர் அங்கே வேலை செய்த அன்ரன் அண்ணை. நான் குடியிருந்த ட்ருகனினாவிலிருந்து அவருடைய காரில்தான் போவேன்.

நாலாம் நாள்... ஹெலனும் அன்ரன் அண்ணையும் போத்தல் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு சிட்டிக்குப் போய்விட்டார்கள். எனக்கு வேலியோரம் புல் பிடுங்குகிற வேலை. பதினொரு மணிக்கே முடிந்துவிட்டது. சும்மா நின்றால் என்ன நினைப்பார்களோ என்று, பக்கத்தில் குச்சி நட்டிருந்த துண்டு நிலத்தையும் கொத்தினேன்.

மாட்டுக் கொம்பு!

ஒன்றல்ல, நாற்பதுக்கு மேல். ஒவ்வொன்றுக்குள்ளும் கறுப்பாக ஏதோ அடைத்து, வரிசையாக மண்ணுக்குள் தாட்டிருந்தது.

மன்னாரில் வளர்ந்த என் மூளைக்கு ஒன்றுதான் தோன்றியது. செய்வினை! இவ்வளவு நல்ல மனிசிக்கு யார் இந்த வேலை பார்த்தது?

சிலுவை போட்டுக்கொண்டு அத்தனையையும் தோண்டி எடுத்தேன். ஹோஸைப் பிடித்து, குச்சி விட்டுக் கிண்டிக் கிண்டிக் கழுவினேன். ஹாண்ட்பாக்கில் கிடந்த மாதா கோயில் தீர்த்தத்தையும் தெளித்தேன். வெயிலில் அடுக்கிவிட்டு, ஹெலன் வந்து என்னைக் கட்டிப்பிடிப்பார் என்று காத்திருந்தேன்.

அன்ரன் அண்ணைதான் முதலில் கண்டார்.

“ஐயோ பிள்ளை! என்ன செய்து வைச்சிருக்கிறாய்?”

“ஆரோ செய்வினை செய்து தாட்டிருக்கினம் அண்ணை. பயப்பிடாதேங்கோ, எல்லாம் கழுவிப்போட்டன்.”

“அது உரமெல்லே!”

இங்கே ஏப்ரலில், குளிர் தொடங்க முதல், பசுச் சாணியைக் கொம்பில் அடைத்துத் தாட்டு, ஒக்டோபரில் வசந்தம் வர எடுத்து, தண்ணீரில் கலக்கித் தோட்டம் முழுக்கத் தெளிப்பார்களாம். பயோடைனமிக் முறையாம். அடுத்த நாள் தெளிக்க இருந்தார்களாம்... ஆறு மாத உரம் என் காலடியில் சேறாகக் கிடந்தது.

வேலை போச்சு. இதுவும் போனால் திரும்ப யார் கதவைத் தட்டுவது?

ஹெலன் கொம்புகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“வை, ஸ்டெல்லா?” ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டார்.

அன்ரன் அண்ணை தயங்கித் தயங்கிச் செய்வினைக் கதையை இங்கிலிஷில் சொன்னார். ஹெலனின் முகம் முதலில் சிவந்தது. பிறகு அப்படியே புல்லில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் இவர்களைச் சூனியக்காரர் என்றுதான் கேலி செய்வார்களாம். ஆனால் காப்பாற்ற வந்தது நான் ஒருத்திதானாம்!

உடனே போன் எடுத்து, இதே முறையில் தோட்டம் செய்கிற ஒரு சிநேகிதரைக் கேட்டார். அவர் ஒரு ஐஸ்கிரீம் டப்பா நிறைய உரம் தந்தார். மறுநாள் பின்னேரம் நானும் ஹெலனும் பீப்பாய்த் தண்ணீரில் அதைப் போட்டு, மாறி மாறி ஒரு மணித்தியாலம் கலக்கினோம். கலக்கிக்கொண்டே அவர் ஏதோ சொன்னார்.

“ஏப்ரல்ல புதுசா கொம்பு நிரப்பவேணுமாம். நீதான் நிரப்பவேணுமாம்” என்றார் பக்கத்தில் நின்ற அன்ரன் அண்ணை.

“என்ர விசா டிசம்பர் மட்டும்தான் எண்டு சொல்லுங்கோ அண்ணை.”

சொன்னார். ஹெலன் கையைத் துடைத்துக்கொண்டு ஷெட்டுக்குள் போய், கதவில் ஒட்டியிருந்த வேலைப் பட்டியலில் ஏப்ரலுக்கு நேரே என் பெயரை எழுதினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

டிசம்பரில் விசாவை நீடித்துத் தந்தார்கள். ஏப்ரலில் கொம்பு நிரப்பினேன். அதற்குப் பிறகும் எத்தனையோ ஏப்ரல்...

இப்போது அந்தத் தோட்டத்து வேலைகளை நான்தான் பார்க்கிறேன். சாணிக் கையோடு என்னைக் கண்டால் மகள் “மம், தட்ஸ் க்ரோஸ்” என்று மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவாள். போன வருடம் நிரந்தரமாக இங்கேயே இருக்க பி.ஆரும் வந்துவிட்டது. பெரிய சந்தோஷம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

ஆனால் இந்த நாட்டில் எனக்கும் ஒரு அடுத்த வருடம் இருக்கிறது என்று முதலில் எழுதித் தந்தது ஹெலன். அதுவும் பென்சிலால் அல்ல, பேனையால்.