செதில் இல்லாத மீன்

நேற்று எங்கள் தெருமுனையில் ஒரு காரின் கண்ணாடி உடைந்து, கற்கண்டைக் கொட்டியது போல ரோடெல்லாம் கிடந்தது. எல்லோரும் ஓரமாகத் தாண்டிப் போனார்கள். நான் மட்டும் அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

கொல்லிமலையில், வளப்பூர் நாட்டுப் பக்கம் ஓர் அங்கன்வாடியில்தான் எனக்கு முதல் வேலை. அடிவாரத்துப் பேளுக்குறிச்சியில் பிறந்து வளர்ந்தும் மலைப்பாதை என்றால் எனக்கு நடுக்கம். மலையேற்றம் தொடங்கும் காரவள்ளியில் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தால் மேலே போய்த்தான் விடுவேன். கண்டக்டர் டிக்கெட்டை என் விரலிடுக்கில் செருகிவிட்டுப் போவார்.

அங்கன்வாடிச் சுவர் மழையில் ஊறிப் பாசி மணக்கும். பிள்ளைகள் பார்க்க ஏதாவது செய்யலாமென்று உடைந்த டைல்ஸ், வளையல் துண்டு, சோடா மூடி என்று கிடைத்ததையெல்லாம் சிமெண்டில் பதித்துப் பெரிய மீன் ஒன்றை ஆரம்பித்தேன். அங்கே சமையல் செய்த செல்லக்காதான் சிமெண்ட் குழைத்துக் கொடுத்தார். செதிலுக்கு மட்டும் பளபளப்பாக எதுவும் அகப்படவில்லை. ஒரு நாள் இன்ஜின் சூடேறி பஸ் ஒரு வளைவில் நின்றது. ரோட்டோரம் லாரிக் கண்ணாடித் தூள் குவிந்து மின்னியது. சாப்பாட்டுப் பையில் அள்ளிக்கொண்டேன்.

செல்லக்கா அதைத் தொடவில்லை.

"வேண்டாமுங்க டீச்சர். யாரு உசுரு போன எடமோ."

"வெறுங் கண்ணாடிதானுங்க அக்கா" என்று ஒட்டிவிட்டேன். அவர் வீட்டுக்காரர் தினமும் மரவள்ளிக் கிழங்கு லாரியை அதே வளைவுகளில் இறக்குகிறவர். அதிலிருந்து செல்லக்கா சுவர்ப்பக்கம் பார்க்காமலே போய்வருவார்.

ஐப்பசி மழை. மதியமே இருட்டிவிட்டது. பக்கத்துக் கடைக்காரர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"கீழ வளைவுல கெழங்கு லாரி ஒண்ணு கவுந்து கெடக்குதாமுங்க."

செல்லக்கா வீட்டுக்காரருக்குப் போன் போட்டோம், போகவில்லை. செல்லக்கா அழவில்லை. காய் நறுக்கும் கத்தியோடு சுவருக்குப் போய்ச் செதிலைப் பெயர்க்க ஆரம்பித்தார்.

"இத எடுத்தரலாமுங்க டீச்சர். எடுத்துட்டா வந்துருவாரு."

தடுக்கத்தான் போனேன். ஆனால் கரண்டிக் காம்பை எடுத்து நானும் நோண்டினேன். அந்த நேரம் அவரைவிட நான்தான் அதை நம்பினேன் என்று நினைக்கிறேன். விரலெல்லாம் ரத்தம். தூங்கி எழுந்த பிள்ளைகள் வாசலில் நின்று பார்த்தார்கள்.

கடைசிச் செதில் வருவதற்கு முன்பே செல்லக்கா வீட்டுக்காரர் நனைந்தபடி நடந்து வந்தார்.

"கவுந்தது வேற வண்டி. பின்னால நின்ன நாங்கதான் டிரைவரத் தூக்குனோம்."

"அவரு?" என்றார் செல்லக்கா.

"ஆம்புலன்சுல ஏத்தியுட்டோம்."

சட்டையைக் கழற்றி உதறினார். தரையில் கண்ணாடித் தூள் சிதறியது. செல்லக்கா பெருக்கி எடுத்துப்போய்த் தோட்டத்து மூலையில் புதைத்தார்.

மீன் அப்படியே வழுக்கையாக நின்றது. செதில் எங்கே என்று பிள்ளைகள் கேட்டால், "கொழம்புக்கு ஆஞ்சு வெச்சிருக்குது கண்ணு" என்பார் செல்லக்கா. அவருக்குச் சிரிப்பு வராது.

இப்போது அந்தச் சுவர் இல்லை. இடித்துவிட்டுப் புதுக் கட்டடம் வந்துவிட்டது. செல்லக்கா வீட்டுக்காரர் லாரியை விட்டு மிளகுக்கொடி பார்க்கிறார். தூக்கி ஏற்றிய அந்த டிரைவர் எந்த ஊர், அவருக்காக எந்த வீட்டில் யார் காத்திருந்தார்கள் என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவே இல்லை. இனிக் கேட்டாலும் சொல்லத் தெரிந்தவர் யாருமில்லை.