வெள்ளவத்தைக்கு ஒளித்துப் போய் எடுத்த ஸ்கான்

போன செவ்வாய்க்கிழமை கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குப் போனேன். பதினொரு கிலோமீற்றர், இரண்டு பஸ், நூற்றுப் பத்து ரூபாய். புரொஸ்டேட் சுரப்பிக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கான். எங்கள் பக்கத்திலேயே எடுக்கலாம், ஆனால் தெரிந்த முகம் பார்த்துவிடக் கூடாதே. வீட்டில் கோயிலுக்கு என்று சொல்லி, திருநீறும் பூசிக்கொண்டு காலை 6.10க்கு பஸ் ஏறினேன்.

இரத்தச் சோதனையில் பி.எஸ்.ஏ. அளவு கூட, புரொஸ்டேட்டை ஸ்கான் எடுத்துப் பார் என்று டொக்டர் துண்டு எழுதித் தந்து எட்டு மாதம். கண்டபடி ஊசி குத்துவார்கள், பிறகு வெட்டுவார்கள், அதன்பிறகு மூத்திரம் அடங்காமல் ஆயுளுக்கும் பம்பர்ஸ் என்று நானே தீர்ப்பு எழுதி, துண்டை அலுமாரியில் சேட்டுக்குக் கீழே வைத்துவிட்டேன். ஓ.எல். சோதனையை இரண்டு தரம் எழுதியவனின் மருத்துவ அறிவு அவ்வளவுதான்.

7.25க்கு காலி வீதியில் இறங்கி ஸ்கான் நிலையத்துக்குள் நுழைந்தால், முதல் கதிரையில் சிவபாதம் அண்ணை. என் சம்பந்தி, மகளின் மாமனார். எங்கள் ஒழுங்கையில் நாலாவது வீடு. அவர் நெற்றியிலும் திருநீறு.

தப்ப வழியில்லாமல் மனிதர் கதைத்தார். ஒன்றரை வருடத்துக்கு முன்பே அவருக்குப் புற்றுநோய் என்று தெரியுமாம். இப்போதெல்லாம் முதலில் ஸ்கான். சந்தேகமான இடம் தெரிந்தால் அதை மட்டும் குறிவைத்து ஊசி குத்தி, துளி சதை எடுத்துச் சோதிப்பார்கள். அவருடையது சின்னது, மெதுவாக வளரும் வகை. அதனால் வெட்டவில்லை. தவணைக்குத் தவணை இரத்தமும் ஸ்கானும் பார்த்துக் கவனித்து வருகிறார்கள்.

எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. கிழமைக்கு மூன்று நாள் இந்த மனிதரோடு தேத்தண்ணி குடிக்கிறேன். பேரனுக்குப் பல் முளைத்த கதையை ஐந்து தரம் சொன்னவர்.

“ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் எட்டு மாசம் பயந்து கிடந்திருக்க மாட்டன், அண்ணை.”

“நீங்கள் சொன்னனீங்களோ? உங்கட துண்டு எங்க இருந்தது?”

“அலுமாரியில.”

“என்ர சாமியறையில, படத்துக்குப் பின்னால.”

கோபம் இன்னும் ஆறவில்லை. அவர் மேல் பாதி, என் மேல் பாதி. முழங்கால் நோவென்றால் சந்தி முழுக்கச் சொல்கிற ஆம்பிளைகள், இதற்கு மட்டும் ஊமைகள். மருத்துவம் இவ்வளவு முன்னேறியும், ஒரே ஒழுங்கையிலிருந்து இரண்டு பேர் இரண்டு பஸ்ஸில் ஒளித்துப் போகிறோம்.

போகிறவர்களுக்கு: காலி வீதி நெரிசலுக்கு அரை மணி கூட வையுங்கள். பழைய ரிப்போட்டுகளைக் கொண்டுபோங்கள். எனக்கு முப்பத்தைந்து நிமிடம் அசையாமல் படுக்க வேண்டியிருந்தது. வெள்ளி அரைஞாணை வீட்டிலேயே கழற்றுங்கள். என்னுடையது பத்து நிமிடம் கழற்ற வராமல் தாதிமாருக்கு நல்ல பொழுதுபோக்கு. ஐம்பது தாண்டியவர்கள் இந்த இரத்தச் சோதனை பற்றி டொக்டரிடம் கேளுங்கள். அப்பாவுக்கோ சகோதரனுக்கோ இந்தப் புற்றுநோய் இருந்தால் அதற்கு முன்பே.

ஸ்கானில் எனக்கு ஒரு புள்ளி தெரிந்திருக்கிறது. வியாழக்கிழமை ஊசி. என்ன வகை, இந்த எட்டு மாதத்தில் எவ்வளவு வளர்ந்தது, அதன்பிறகுதான் தெரியும். அண்ணையும் வருகிறார், பஸ்ஸில் பக்கத்து சீற். இதை எழுதும்போது தன் பெயரைப் போடச் சொன்னதும் அவர்தான். திருநீறு பூசிக்கொண்டுதான் போவோம். வீட்டில் கோயிலுக்கு என்று மட்டும் சொல்லப்போவதில்லை.