எட்டுப் படத்தை மூன்றாக்கிய சேகர்

ப்ரொஜெக்டர் சூடாகும்போது ஒரு வாசனை வரும், கவனித்திருக்கிறீர்களா... தூசியும் பிளாஸ்டிக்கும் லேசாகக் கருகுகிற மாதிரி. அதோடு யாரோ பிரிக்கிற நிப்பட்டு, அதாவது கன்னடத்துத் தட்டை, பொட்டலத்தின் எண்ணெய் வாசனை. என் முதல் வேலையின் வெள்ளிக்கிழமைகள் எனக்கு அப்படித்தான் ஞாபகம் இருக்கின்றன.

எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு சின்ன கம்பெனி. டெஸ்டிங் டீமில் நாங்கள் ஆறு பேர், மேனேஜர் சேகர். மல்லேஸ்வரத்தில் பிறந்து வளர்ந்த தமிழர். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மேல் வேலை இருக்காது என்பதால் மீட்டிங் ரூமில் வாரம் ஒரு படம் பார்க்கலாம் என்று அவர்தான் ஆரம்பித்தார். ஒரு மாலுமிக் குடும்பத்தின் கதை, மொத்தம் பதினோரு பாகம். இதில் வம்பு என்னவென்றால், கதைப்படி முதலில் நடக்கிற தாத்தாவின் கதை ஐந்தாவதாக வந்த படத்தில்தான் இருக்கிறது.

எந்த வரிசையில் பார்ப்பது என்று ஒரு வாரம் முழுக்க அடிதடி. பக்கத்து ஸீட் ஜெரால்டு, தாத்தாவிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். சேகர் மசியவில்லை.

"படம் எப்படி வந்துச்சோ அப்படித்தான் பாக்கணும். நடுவுல ஒண்ணுகூட விடக் கூடாது. அதுவும் நாலாவது இருக்கே... அத மாதிரி ஒண்ணு எவனும் எடுக்க முடியாது."

சரி, மேனேஜர் சொன்னால் ஆச்சு என்று மூன்று படம் பார்த்து முடித்தோம்.

அடுத்த திங்கட்கிழமை போர்டில் புது லிஸ்ட். ஆறு, ஒன்பது, பதினொன்று. அவ்வளவுதான்!

"மிச்சமெல்லாம் இழுவைப்பா. இது போதும்" என்றார் சேகர், யார் முகத்தையும் பார்க்காமல்.

மற்றவர்கள் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். எனக்கு அப்படி விட முடியவில்லை. நான் பிறவியிலேயே சந்தேகப் பேர்வழி. கண்டக்டர் சொன்ன ஸ்டாப்பைக்கூட இன்னொருவரிடம் கேட்டுவிட்டுத்தான் இறங்குவேன்.

காலண்டரை எடுத்து எண்ணினேன். எட்டுப் படம் என்றால் எட்டு வெள்ளிக்கிழமை. மூன்று என்றால்... சரியாக மாதத்தின் கடைசி வெள்ளி.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. அக்கா கல்யாணத்துக்காக அடுத்த மாதம் பத்து நாள் லீவு கேட்டுப் போனேன். அரை நாள் லீவுக்கே மூன்று கேள்வி கேட்கிற மனுஷன், "எடுத்துக்கோம்மா, அதுக்கென்ன" என்று சொல்லிவிட்டார். அடுத்த மாதம் எங்களுக்கு அங்கே வேலையே இல்லாத மாதிரி.

ஜெரால்டிடம் சொன்னேன். "நம்ம டீமை மூடப் போறாங்கடா."

"சினிமா லிஸ்ட்ட வெச்சா? உனக்கு எல்லாத்துலயும் டவுட்டுதான் செல்வி. சும்னே இரு" என்று சிரித்தான்.

சும்மா இருக்க முடியுமா? ஸ்ரீராம்புரத்தில் எங்கள் வீட்டில் ஓர் ஒப்பந்தம் இருந்தது. எனக்கு வேலை இருக்கிற வரை மாப்பிள்ளைப் பேச்சு கிடையாது. அக்கா கல்யாணம் முடிந்த கையோடு வேலையும் போனால், அதே பந்தலில் அடுத்த முகூர்த்தம் எனக்குத்தான்.

மறுநாள் பேன்ட்ரியில் சேகரைத் தனியாகப் பிடித்தேன்.

"நாலாவது ஏன் வேணாம்? நீங்கதானே அத மாதிரி ஒண்ணு இல்லன்னீங்க?"

டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தார். அப்புறம், "கடைசிப் படத்த எல்லாரும் ஒண்ணா உக்காந்து பாக்கணும்மா. அவ்ளோதான்" என்றார்.

எனக்குப் போதுமாக இருந்தது. அன்று மாலையே ரெஸ்யூமேயைத் தூசி தட்டி நாலு இடத்துக்கு அனுப்பினேன்.

கூடவே கோபமும் வந்தது. கொஞ்ச நாளாக மேல்மாடிப் பெரியவர்களோடு கதவைச் சாத்திக்கொண்டு மீட்டிங் போய்க்கொண்டிருந்தார் இவர். எங்கள் ஆறு பேரையும் காவு கொடுத்துவிட்டுத் தன் நாற்காலியைக் காப்பாற்றிக்கொள்கிறார், அந்தக் குற்ற உணர்ச்சிக்குத்தான் இந்தப் படம் காட்டும் வேலை... இப்படி நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். அதன்பிறகு அவர் நீட்டிய நிப்பட்டைக்கூட நான் தொடவில்லை.

கடைசி வெள்ளிக்கிழமை. பதினோராவது படம். கிழவனாகிவிட்ட கேப்டன் கப்பலை விட்டு இறங்குகிறான். இருட்டில் எல்லோரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு சேகரையே முறைத்துக்கொண்டிருந்தேன். படம் முடிந்ததும், "செல்வி, ஒரு நிமிஷம்..." என்றார். "கேப் வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கேப் வர இன்னும் இருபது நிமிஷம் இருந்தது.

திங்கட்கிழமை எச்.ஆர். ஒவ்வொருவராகக் கூப்பிட்டது. டீமையே மூடுகிறார்களாம். என் அடையாள அட்டையைப் போடப் போன தட்டில் ஏற்கெனவே ஒன்று கிடந்தது. சேகருடையது.

"இவருமா?" என்றேன்.

"டீம மூடினாலும் மேனேஜர வேற இடத்துல போடறோம்னுதான் சொன்னோம். என் பசங்கள அனுப்பிட்டு நான் இருக்கமாட்டேன்னுட்டாரு" என்றார் அந்த எச்.ஆர். அம்மா. "ஒரு மாசமாவே அவருக்குத் தெரியும்மா. வெளியில சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருந்தோம்."

என் சந்தேகம் அட்சரம் பிசகாமல் சரி. சந்தேகப்பட்ட ஆள்தான் தப்பு. லிஃப்ட்டில் இறங்கும்போது எனக்கு அழுகை வந்தது, வேலைக்காக அல்ல.

அந்த வாரமே ஒயிட்ஃபீல்டில் வேறு வேலை கிடைத்துவிட்டது. வீட்டில் யாருக்கும் விஷயமே தெரியாது. ஜெரால்டுக்கு நாலு மாதம் ஆனது. மற்றவர்களிடம் நான் முன்கூட்டி வாயே திறக்கவில்லை, வெறும் சந்தேகத்தை எப்படிச் சொல்வது என்று. அதுவும் உறுத்தல்தான்.

இப்போது சந்தாபுராவில் வீடு, வீட்டிலேயே வேலை. என் டீமில் ஒன்பது பேர், நாலு ஊரில். போன மாதம் ஒரு காலை இரண்டு பெயர்கள் சாட்டில் காணவில்லை. லேப்டாப் திறக்கவில்லையாம்... அவ்வளவுதான், வேலை போயாச்சு. முதல் நாள் மாலை வரை எங்கள் மேனேஜர் ஜோக் அடித்துக்கொண்டிருந்தார். அவர் குரலை வைத்து எதையும் கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. முகத்தை நான் பார்த்ததே இல்லை.

சேகர் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. கேட்ட இடத்திலெல்லாம் பழைய நம்பர்தான் கொடுக்கிறார்கள். அந்த ஒரு நிமிஷத்தில் என்ன சொல்ல வந்தார் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். இருபது நிமிஷம் இருந்தது என்னிடம்.