புதுத்துணியில் கத்தரி வைக்கக் கூடாது

என் ஒட்டுப் போர்வைக்கு நான் போட்ட முதல் விதி அது. யாரோ உடுத்தி, வெளுத்து, இனி உடுத்த முடியாது என்று கைவிட்ட துணியில்தான் சதுரம் வெட்ட வேண்டும். பெட்டிக்குள் மடிப்புக் கலையாமல் இருக்கும் துணி எவ்வளவு அழகாக இருந்தாலும் அதன் பக்கம் கத்தரி போகக் கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அப்பா வீட்டில் எழுவதற்கும் உட்காருவதற்கும் வாசலில் நிற்பதற்கும் விதி இருந்தது. எல்லாம் மற்றவர்கள் போட்டவை. நான் போட்டவை போர்வையின் விதிகள் மட்டும்தான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். பெண்களில் மட்டும் இல்லை, ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சேலத்தில் விடுதியில் தங்கி எட்டாம் வகுப்பு வரை படித்துத் தேறினேன். உபாத்தியாயினி ஆவதற்கான பயிற்சிப் பள்ளியில் சேர எனக்கு அப்போது வயது போதவில்லை. "அடுத்த ஆனியில் அப்பாவோடு வா, உனக்கு இடம் இருக்கும்" என்று தலைமை டீச்சரம்மா சொல்லி அனுப்பினார். ஒரு வருஷந்தானே என்று தலையை நிமிர்த்திக்கொண்டு வண்டியில் ஏறி வந்தேன்.

ஒரு வருஷம் எவ்வளவு நீளம் என்பது வீட்டுக்குள் இருந்தால்தான் தெரியும். நான் வயதுக்கு வந்துவிட்டதால் தெருவில் தனியாக நடக்கக் கூடாது. படித்துவிட்டதால் காட்டுக்கும் போகக் கூடாது. எங்கள் பக்கத்தில் பெண்கள் களை எடுப்பதும் பருத்தி எடுப்பதும் வழக்கந்தான். ஆனால், "படிச்ச புள்ளைய வெயில்ல நிக்க வெச்சா பாக்கறவிய என்ன சொல்லுவாங்க?" என்று அம்மா தடுத்துவிட்டாள். அம்மா கூடையை எடுத்துக்கொண்டு போவாள். நான் வீட்டோடு இருப்பேன்.

பருத்தி அடைக்கும் அறைதான் என் இடம். ஒரே ஒரு ஜன்னல், அதிலும் மரக்கம்பிகள். அதன் வழியாகக் கிணற்று மேடும், கவலை கட்டித் தண்ணீர் இறைக்கும் மாடுகள் முன்னும் பின்னும் போவதும், அதற்கு அப்பால் சேலம் போகும் ரோட்டில் ஒரு துண்டும் தெரியும். அந்த மாடுகளைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. நாள் முழுக்க நடந்தும் அவை அந்த மேட்டைவிட்டு எங்கும் போகவில்லை.

பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சரம்மாவின் கட்டிலில் துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த போர்வை ஒன்றைப் பார்த்திருந்தேன். மேலே சதுரம் சதுரமாக ஒட்டு, நடுவில் பஞ்சு, கீழே பழைய சேலை, மூன்றையும் சேர்த்து ஓட்டுத்தையல். எப்படிச் செய்வது என்று நான் கேட்கவில்லை, பார்த்ததே போதும் என்று நினைத்தேன். தையலில் முதலாவதாக வந்ததற்குப் பரிசாகக் கிடைத்த கத்தரி என்னிடம் இருந்தது. பஞ்சுக்குப் பஞ்சமில்லை, அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாவது விதி, கேட்காமல் எடுக்கக் கூடாது. மூன்றாவது, தைத்ததைப் பிரிக்கக் கூடாது, கோணலாக இருந்தால் கோணலாகவே இருக்கட்டும். அம்மா கூப்பிட்டால் ஊசி எங்கே நிற்கிறதோ அங்கேயே நிறுத்திவிட்டு எழுந்து போக வேண்டும் என்றும் ஒன்று வைத்திருந்தேன். அதைத் தினமும் மீறினேன், அதனால் அதை விதி என்று சொல்வது அவ்வளவு சரியில்லை.

கேட்காமல் எடுக்கக் கூடாது என்பதை மீற வைத்தது அப்பா தலையில் கட்டும் உருமால். வெயிலில் கிடந்து ஆரஞ்சு நிறம் மங்கி, பழுத்த மாம்பழத் தோல் போல ஆகியிருந்தது. அந்த நிறம் எனக்கு வேண்டியிருந்தது. கேட்டால் தந்திருப்பார். ஆனால் கேட்டால் எதற்கென்று சொல்ல வேண்டும், சொன்னால் சிரிப்பார். துவைத்துக் காயப்போட்டிருந்தபோது நுனியில் ஒரு சாண் எடுத்துக்கொண்டேன். இன்னொரு நாள் இன்னொரு சாண்.

ஒரு நாள் சாப்பிட உட்காரும்போது உருமாலை அவிழ்த்து முன்னால் விரித்துப் பார்த்தார்.

"ஏஞ்சாமி, எந்தலை பெருத்துப் போச்சா, இல்ல இது சுருங்கிப் போச்சா?"

"தண்ணி மோசமுங்கப்பா. துணி சுருங்குது."

"அப்படியா? கோமணம் சுருங்கலியே."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அப்பா அதற்கு மேல் கேட்கவில்லை. அவர் அப்படித்தான். தெரிந்துகொள்வார், பேசமாட்டார். சந்தையில் சாமான் சுற்றி வந்த பத்திரிகைத் தாளை நான் படித்துக் காட்டினால் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பாதியில் தாள் முடிந்துவிட்டால் மட்டும், "மீதி எங்க?" என்பார். "வேற பொட்டலத்துல போயிருச்சுங்கப்பா" என்பேன். அதற்கும் சரி என்பார். நான் பயிற்சிப் பள்ளிக்குப் போவதைப் பற்றி மட்டும் போகலாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

சித்திரையில் அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா, நாமக்கல் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். சவாரி வண்டியில், வழி நெடுகப் பார்க்கிற மாதிரி தாம்பாளத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அவள் மகன் எனக்கு முறை. எதற்கு வந்திருக்கிறாள் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. நான் பருத்தி அறைக்குள் போய்விட்டேன். அத்தையின் குரலுக்குச் சுவர் ஒரு தடை இல்லை.

"ஏந்தம்பி, புள்ளைய இன்னும் எத்தன நாளைக்குப் பருத்தியாட்ட அடச்சு வெச்சிருப்பே? வெல ஏறட்டும்னா?"

"யோசன பண்ணிச் சொல்றேனுங்க்கா."

"யோசிக்கறதுக்கு என்ன இருக்குது? எம்பையனுக்குக் கையில்லியா, காலில்லியா?"

என்னைக் கூப்பிட்டாள். போனேன். என் முகவாயைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உள்ளயே கெடந்து வெளுத்துட்டே சாமி. எங்கே, இங்கிலீசுல ஒரு வார்த்த சொல்லு."

"எதுக்குங்கத்தை?"

"எம்மருமக பேசறதக் காது குளிரக் கேக்கத்தான்."

அவள் போகும்போது தட்டைப் பூஜை மாடத்தில் வைத்துவிட்டுப் போனாள். தேங்காய், வெற்றிலை, பூ, அதற்கு நடுவில் அம்மாபேட்டையில் நெய்த அரக்குப் பட்டுச் சேலை, கடுகு மஞ்சள் கரை. "வர்ற அமாவாசைக்குள்ள சொல்லியுடு" என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா வேண்டாம் என்று தட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. வாங்கி வைத்துக்கொண்டார். எனக்கு அது போதும். எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"ஆனியில எனக்குப் பள்ளிக்கூடம் இருக்குதும்மா" என்றேன் அம்மாவிடம்.

"உங்கப்பா பாத்துக்குவாரு."

"என்னத்தப் பாத்துக்குவாரு?"

"அவருதான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டீங்கறாரே. எனக்கு மட்டும் என்ன தெரியும்?"

நான் மேற்கொண்டு கேட்கவில்லை. ஐரோப்பாவில் எந்த நதி எந்தக் கடலில் விழுகிறது என்று தெரிந்தவள், அடுப்படியில் நிற்பவளிடம் கெஞ்சிக் கேட்பதா என்று இருந்தது. சேலையை அம்மா பெட்டியில் வைத்தாள். பூ வாடி, வெற்றிலை கருகி, அவற்றை எடுத்துப் போட்டார்கள். நான் பருத்தி மேல் உட்கார்ந்து தைத்தேன். எந்தச் சதுரத்தைத் தைத்தாலும் பெட்டிக்குள் இருக்கும் அரக்கு நிறந்தான் கண்ணில் நின்றது.

ஒரு மத்தியானம் அம்மா காட்டுக்குப் போயிருந்தாள். பெட்டியைத் திறந்தேன். சேலையை விரித்து, முந்தானைக்கு நடுவில், எல்லாருக்கும் தெரிகிற இடத்தில், கை அகலத்துக்குச் சதுரமாக வெட்டினேன். என் கணக்கு இதுதான்: வெட்டிய சேலையைப் பார்த்தால் அத்தைக்கு ரோஷம் வரும், இப்படிப்பட்ட திமிர் பிடித்தவள் வேண்டாம் என்று போய்விடுவாள், நான் சேலத்துக்குப் போவேன். அந்தச் சதுரத்தைப் போர்வைக்கு நடுவில் வைத்துத் தைத்தேன். நான் தைத்ததிலேயே நேரான தையல் அது. சேலையை மடித்து இருந்த இடத்தில் வைத்தேன். பயமே இல்லை. அந்த வருஷம் முழுக்க அவ்வளவு லேசாக நான் இருந்ததில்லை.

இரண்டு நாள் கழித்துக் காலையில், கவலை ஓட்டிவிட்டு வந்த அப்பா கைகால் கழுவிக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்:

"பொழுதோட அக்கா ஊட்டுக்குப் போயிட்டு வாரேன். அந்தச் சீலையத் தட்டுல எடுத்து வெய்யி. திருப்பிக் குடுத்துட்டு வந்தர்றேன். புள்ள சேலம் போவட்டும்."

அம்மா ஆச்சரியப்படவில்லை. பெட்டியைத் திறக்கப் போனாள். நான் வழியில் போய் நின்றேன். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு ஏதோ பட்டிருக்க வேண்டும். என்னை விலக்கிவிட்டுச் சேலையை எடுத்தாள். மடிப்புக் கலைந்திருந்தது. உதறினாள். ஓட்டை வழியாக அவள் வயிறு தெரிந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த வழக்கம் தெரிய வந்தது. "மடிப்புக் கலையாமத் திருப்பிக் குடுத்தா, நீங்க கேக்கவும் இல்ல, நாங்க மறுக்கவும் இல்லைன்னு போயிரும் புள்ளே. ஒறவும் அப்படியே இருக்கும். அதுக்குத்தான் வெச்சுட்டுப் போறது. விரிச்சுக் கைய வெச்சுட்டா ஏத்துக்கிட்டதுன்னு அர்த்தம்" என்றாள் அம்மா. ஊரில் சின்னப் பெண்களுக்குக்கூடத் தெரிந்த விஷயம். அவர்கள் அதைத் தெரிந்துகொண்ட வயதில் நான் சேலத்தில் விடுதியில் இருந்தேன்.

"அந்தத் துண்டப் பிரிச்செடு. பழையபடி வெச்சுத் தெச்சு, உள்ளாற போற மாதிரி மடிச்சுக் குடுத்தரலாம்" என்றாள் அம்மா.

தைத்ததைப் பிரிக்கக் கூடாது என்ற விதியையும் அன்றைக்கு மீறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு தையலாக எடுத்தேன். நூல்புடவையில் குத்தினால் துவைத்ததும் துளை மூடிக்கொள்ளும். பட்டில் மூடாது. சதுரத்தைச் சுற்றி வரிசையாகத் துளைகள். ஓரம் பிசிறிக்கொண்டு வந்தது. எவ்வளவு நெருக்கித் தைத்தாலும் ஆறாத புண்ணைச் சுற்றித் தழும்பு போட்டது போல இருந்தது. அப்பா வந்து பின்னால் நின்று பார்த்தார்.

"எங்கூடப் பொறந்தவ கையில ஒட்டுப் போட்டத மடிச்சு நீட்டச் சொல்றீங்களா?" என்றார். என்னைத் திட்டவில்லை. பருத்தி மேல் எனக்கு எதிரில் உட்கார்ந்தார். அந்த அறையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"ஏஞ்சாமி, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?"

"நீங்க ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேங்கப்பா."

அவர் உருமாலை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். உள்ளதைச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று பொழுது சாய வெறும் தட்டோடு கிளம்பினார்.

மறுநாள் அவரோடு அத்தையும் வந்தாள். கோபமாக வருவாள் என்று எதிர்பார்த்தேன். அதைத்தான் வேண்டிக்கொண்டும் இருந்தேன். அவள் நேராகப் பருத்தி அறைக்கு வந்து, போர்வையைக் காட்டச் சொன்னாள். சேலையில் வைத்துத் தைத்தது சரிவராததால் அரக்குத் துண்டை மறுபடி எடுத்துப் போர்வையிலேயே தைத்திருந்தேன். அவள் அதன் மேல் விரலை ஓட்டினாள்.

"நான் படிக்கப் போறேனுங்கத்தை" என்றேன்.

"தட்டோட நான் வந்தத ஊரே பாத்துது சாமி. சீலைய நீ வெட்டினத நாளைக்கு ஊரே கேக்கும். வெட்டின சீலைய நான் வேற எந்தப் புள்ளைக்குக் கட்டுவேன்? உன்னத்தான் வேற எவன் வந்து கேப்பான்?" அவள் குரலில் சூடே இல்லை. போர்வையை மடித்து என் மடியில் வைத்தாள். "நல்லாத்தான் தெச்சிருக்கே. வாரப்பக் கொண்டுக்கிட்டு வா."

வைகாசியில் கல்யாணம். ஆனியில் பள்ளிக்கூடம் திறந்தார்கள்.

இதை அத்தை வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கேயும் பருத்தி அறை உண்டு, ஜன்னல் இரண்டு. அவர் கெட்டவர் இல்லை. பயிற்சிப் பள்ளி என்று நான் பேச்செடுத்தால், "அம்மாவக் கேக்கறேன்" என்பார். அத்தையைக் கேட்டால், "அடுத்த ஆனிக்குப் பாக்கலாம் சாமி" என்பாள். இரண்டு ஆனி போய்விட்டது. போர்வை கட்டிலில் கிடக்கிறது. இன்னொன்று தைக்கிறேன், பழைய துணியில் மட்டும்.

அந்த அரக்குச் சேலையை நல்ல நாளுக்கு நான்தான் கட்ட வேண்டும் என்பது அத்தையின் விதி. ஓட்டை தெரியாமல் முந்தானையை மடித்து இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும் என்பதும் அவள் விதிதான். இந்தப் பொங்கலுக்கு வாசலில் பானை வைத்தபோது நான் செருகவில்லை. தொங்கவிட்டேன். அத்தை பார்த்தாள், கண்ணாலேயே செருகச் சொன்னாள். நான் அடுப்பில் விறகைத் தள்ளினேன். கரும்பு கொண்டுவந்த பக்கத்து வீட்டுக்காரி முந்தானையைப் பிடித்துப் பார்த்தாள்.

"ஏனுங்க, இத்தன நல்ல சீலையில ஓட்டை?"

"எலி கடிச்சிருச்சு" என்றாள் அத்தை, நான் வாயைத் திறக்கும் முன்னால்.

"எலி இல்லீங்க. நான் வெட்டினது."

பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள்.

"பொங்கியிரும், பானையப் பாரு" என்றாள் அத்தை என்னிடம்.

பார்த்தேன். பானை இன்னும் சூடேறவே இல்லை.