தாளில் எழுதாத குறை

அந்தத் தாள் இளஞ்சிவப்பு. நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் பிள்ளையிடம் பாராட்ட வேண்டியது, வலப்பக்கம் பிள்ளை திருத்திக்கொள்ள வேண்டியது என்று ஜெர்மன் மொழியில் அச்சடித்திருந்தது. டிசம்பரில் ஓடும் பழைய நீராவி ரயிலில் பிள்ளைகளை ஏற்ற விரும்புகிறவர்கள் அதை நிரப்பி முன்கூட்டியே அனுப்ப வேண்டும். ஓடும் ரயிலுக்குள் வெள்ளைத் தாடியும் சிவப்பு அங்கியுமாக, சுவிஸ் நாட்டின் கிறிஸ்மஸ் தாத்தாவான சமிக்லவுஸ் வருவார். தடித்த புத்தகத்தைத் திறந்து ஒவ்வொரு பிள்ளையின் நல்லதையும் கெட்டதையும் பெட்டி முழுக்கக் கேட்கும்படி வாசிப்பார். அதன் பிறகுதான் நிலக்கடலையும் மண்டரின் பழமும் நிறைந்த பை கிடைக்கும். அவர் எல்லாம் அறிந்தவர் என்று நம்பித்தான் இந்த நாட்டுப் பிள்ளைகள் வளர்கிறார்கள். நானும் நம்பினேன்.

எனக்கு அப்போது ஆறு வயது. இன்னும் படுக்கையை நனைத்துக்கொண்டிருந்தேன். அது அம்மாவுக்கும் மாமிக்கும் மட்டும் தெரியும். மாமி என் தாய்மாமனின் மனைவி. வின்டர்தூரில் எங்களுக்கு மேல்மாடியில் இருந்தார். சனிக்கிழமைகளில் அம்மா துப்புரவு வேலைக்குப் போய்விட, என்னையும் தன் இரண்டு பொடியன்களையும் மாமிதான் மேய்ப்பார். மேய்ப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நாங்கள் மூவரும் அந்தப் பாடு படுத்தினோம். கிறிஸ்மஸ் ரயில் பற்றி வேலையிடத்தில் யாரோ சொல்லக் கேட்டு வந்த மாமி, இங்கத்தைப் பிள்ளைகள் போகிற இடத்துக்கு எங்கள் பிள்ளைகளும் போகத்தான் வேண்டும் என்று அன்றே முடிவு கட்டிவிட்டார்.

தாள்கள் மூன்றையும் அவர் சமையலறை மேசையில் வைத்து நிரப்பியது நினைவிருக்கிறது. கறுப்புப் பேனா, பெரிய எழுத்து, பக்கத்தில் அகராதி. அரசாங்கத் தாள்களை நிரப்பிப் பழகிய கை அது. எங்களைக் கிட்ட வரவிடவில்லை. மாமி எழுதுகிறாரே, படுக்கை விசயத்தையும் உள்ளபடி எழுதிவிடுவாரே என்று கதவோரம் நின்று எட்டி எட்டிப் பார்த்தேன். கேட்கவும் வெட்கம். ரயில் நாள் வரும்வரை சோறு இறங்கவில்லை.

ரயில் அழகாகத்தான் இருந்தது. மரப் பெஞ்சுகள், சன்னலோரம் சின்ன விளக்குகள், வெளியே பனி மூடிய வயல்கள். பொடியன்கள் இருவரும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நீராவியைப் பார்த்தார்கள். நான் சமிக்லவுஸின் புத்தகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கு முன் இருந்த ஒருவன் நகம் கடிக்கிறான் என்று வாசித்தார், பெட்டியே சிரித்தது. இன்னொருத்தி பல் தீட்ட அழுகிறாளாம். அதற்கும் சிரிப்பு. அடுத்தது நான். காதெல்லாம் சுட்டது.

அவர் என் தாளை எடுத்தார். அதோடு இணைத்திருந்த இன்னொரு தாள் நழுவி மடியில் விழுந்தது. எடுத்துப் பார்த்து, தாடிக்குள் விழித்தார். அது என் வதிவிட அனுமதி அட்டையின் பிரதி! கேட்பதற்கு முன்னமே கொடுத்துவிட வேண்டும் என்பது மாமியின் பழக்கம். பெட்டியில் சிரிப்புக் கிளம்பியது. சமிக்லவுஸ் சமாளித்துக்கொண்டு வாசித்தார். நேரத்துக்கு எழும்புவாள், சாப்பாட்டுக் கோப்பையில் மிச்சம் வைக்கமாட்டாள், சின்னவர்களை நன்றாகப் பார்ப்பாள். வலப்பக்கத்தில் 'இல்லை' என்ற ஒரே சொல். அளவுகோல் வைத்து இரண்டு தரம் அடிக்கோடு போட்டிருந்தது. ஒரு குறைகூடவா இல்லை என்று அவர் விளையாட்டாக மாமியிடம் கேட்டார்.

மாமி எழுந்து நின்றார். விசாரணை அதிகாரி முன் நிற்பதுபோல் நேராக நின்றார். தனக்குத் தெரிந்த துண்டுதுண்டான ஜெர்மனில் சொன்னார்:

"பிழை இருக்கு. வீட்டில இருக்கு. பேப்பரில இல்லை."

யாரும் சிரிக்கவில்லை. சமிக்லவுஸ் புத்தகத்தை மூடி, பையை என் கையில் தந்தார். எனக்கு அந்தக் கணம் தலை கூரையை முட்டியது. என் மாமி, என் மாமி என்று கத்த வேண்டும்போல் இருந்தது. இறங்கியதும் அவருடைய கோட்டைப் பிடித்து இழுத்து, மெதுவாகக் கேட்டேன்:

"மாமி, என்ர விசயம் அவருக்குத் தெரியுமோ?"

"நாங்கள் சொன்னாத்தானே தெரியும். நாங்கள் சொல்லேல்ல."

வளர்ந்த பிறகு அம்மா காரணத்தைச் சொன்னார். அகதி விசாரணையில் மாமி ஒரு சம்பவம் நடந்த மாதத்தை மாற்றிச் சொல்லிவிட்டாராம். சொன்னது சொன்னபடி தாளில் ஏறிவிட்டது. அந்த ஒரு மாதத்தோடு ஆறு வருடம் மல்லுக்கட்டித்தான் மாமி இங்கே நின்றிருக்கிறார். தாளில் ஏறிய குறை இறங்காது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பண்டிகைத் தாள், விளையாட்டுத் தாள் என்ற பாகுபாடெல்லாம் அவரிடம் இல்லை. அது அறியாமை என்று முன்பு நினைத்திருக்கிறேன். இப்போது அப்படி நினைப்பதில்லை.

இன்று நான் அதே ஊரில் கிண்டர்கார்டன் ஆசிரியை. இந்த டிசம்பரில் பதினெட்டுப் பிள்ளைகளை அந்த ரயிலில் கூட்டிப் போனேன். பெற்றோருக்கு நான் அனுப்பிய தாளில் கோடு இல்லை. பாராட்டுக்கு மட்டும் இடம். கூட வேலை செய்கிறவள் முகத்தைச் சுளித்தாள். குறை சொல்லாத சமிக்லவுஸ் என்ன சமிக்லவுஸ் என்பது அவள் வாதம். அதிலும் நியாயம் இருந்தது. விருப்பமான பிள்ளை தன் குறையைத் தானே சொல்லட்டும் என்று ஒத்துக்கொண்டோம்.

நம்பமாட்டீர்கள், கைகள் போட்டி போட்டுக்கொண்டு எழுந்தன. ஒருத்தி தம்பியைக் கடித்திருக்கிறாள். ஒருவன் பூனைக்குச் சாக்லேட் கொடுக்கப் பார்த்திருக்கிறான். சொல்லிவிட்டு ஏதோ வென்றவர்கள்போல் உட்கார்ந்தார்கள். பதினேழு பேர் முடிந்தது. சன்னலோரத்துச் சிறுமி மட்டும் கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்திருந்தாள். காது இரண்டும் சிவந்திருந்தன. சமிக்லவுஸ் குனிந்து, நீ என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்க வாயெடுத்தார். நான் அவருக்குப் பின்னால் போய்த் தோளைத் தொட்டேன். அவர் திரும்பிப் பார்த்தார். வேண்டாம் என்று தலையசைத்தேன்.

அவர் கேள்வியை விழுங்கிவிட்டு அவளிடம் பையைக் கொடுத்தார். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கைகளை வெளியே எடுத்து அதை வாங்கிக்கொண்டாள். அவள் மறைத்தது என்னவென்று எனக்குத் தெரியாது. ஆசிரியைச் சான்றிதழ் வாங்கிய அன்றுகூட எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்ததில்லை.