படுக்கையறையில் இருநூறு காளான் பை

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியே பாக்கார் ஆராங் ஊரில் சொந்த வீடு வாங்கியவன். மனைவி இறந்து, பிள்ளைகளும் சிங்கப்பூர் போனபின் வீடு காலி. அப்போதுதான் ரப்பர் மரத்தூள் பைகளில் சிப்பிக்காளான் வளர்க்கத் தொடங்கினேன். முதல் தடவையே கூடைகூடையாகப் பறித்தேன். எவனும் எனக்குச் சொல்லித்தரவில்லை! பைகளைப் படுக்கையறையிலேயே அடுக்கி, ஜன்னலையும் சாத்திக்கொண்டேன். காலையில் கண் விழித்தால் பக்கத்தில் ஏதோ ஒன்று வளர்ந்திருக்கும். அது போதும் எனக்கு.

இரண்டே மாதத்தில் இருமல், காய்ச்சல், மூச்சிரைப்பு. காசநோய்தான் என்று பயந்துபோனேன். எக்ஸ்ரே பார்த்த டாக்டரம்மா, காசநோய் இல்லை என்றார். பிறகு கேட்டார்:

"ஐயா, ரூம்ல உங்ககூட யாரு தூங்குறது?"

"இருநூறு காளான் பைம்மா. அத்தனையும் நானே வளர்த்தது!"

சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார். "அதுங்க குடை விரிஞ்சதும் கொட்டுற வித்துத் தூளைத்தான் ராத்திரி முழுக்க மூச்சுல இழுக்கிறீங்க. இன்னைக்கே வெளிய எடுத்து வைங்க லா."

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டுப் பைகளை மாற்றிவிட்டேன். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, குடை முழுதும் விரியுமுன் பறிக்கிறேன். இருமல் நின்றுவிட்டது. காளான் வளர்க்க நினைக்கும் வாசகர்களே, படுக்கிற அறையில் மட்டும் வேண்டாம்.

நான் இப்போது துணைக்கு ரேடியோவைப் போட்டுவிட்டுத்தான் படுக்கிறேன்.